ஊரடங்கில் ஊருக்குக் கிளம்பியது தப்பா?

நீங்கள் கேட்டிருப்பதை ஒரு வரியில் சுருக்கிவிடலாம். இன்னொரு பெருந்தொற்று வந்து மறுபடி ஊரடங்கு போட்டால் சென்னையிலேயே இருப்பதா, கடலூர் மாவட்டத்துச் சொந்த ஊருக்குப் போவதா, எது பாதுகாப்பு? ஆனால் அந்த வரிக்குக் கீழே எழுதியிருக்கிறீர்களே, அதில்தான் உண்மையான கேள்வி இருக்கிறது. 2020 ஜூன் 18 அன்று இ-பாஸ் வாங்கி, மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் காரில் ஏற்றிக்கொண்டு வளசரவாக்கத்திலிருந்து விருத்தாசலம் பக்கத்து ஊருக்குப் போனீர்கள். பேரப்பிள்ளைகள் தாத்தாவோடு ஒரே அறையில் படுத்தார்கள். ஒன்பதாம் நாள் 71 வயது அப்பாவுக்குக் காய்ச்சல். 19 நாள் ஆஸ்பத்திரி. பிழைத்து வந்துவிட்டார், ஆனால் இன்றைக்கும் வயல்வரை நடந்தால் மூச்சு வாங்குகிறது. "நீங்க வராம இருந்திருந்தா அப்பாவுக்கு ஒண்ணும் ஆயிருக்காது" என்று தம்பி அன்றைக்குச் சொன்னது இன்னும் ஆறவில்லை. ஆக, அடுத்த முறை என்ன செய்வது என்பதைவிட, அன்றைக்குச் செய்தது தப்பா என்பதுதான் உங்களை அரிக்கிறது. இரண்டுக்கும் முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

எந்தத் தைரியத்தில் சொல்கிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். உங்கள் மாவட்டத்திலேயே ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவ அலுவலராக இருந்தேன். 2020 ஜூன் கடைசியில் எங்களில் சிலரைச் சென்னைக்கு டெபுடேஷனில் அனுப்பினார்கள். ராயபுரம் மண்டலத்தில் ஒரு மாதம் காய்ச்சல் முகாம் டூட்டி. பிறகு ஊர் திரும்பி, இரண்டாவது அலையைக் கிராமத்திலிருந்து பார்த்தேன். இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் தெரியும், அவ்வளவுதான். நான் பொது மருத்துவன். நோய்ப் பரவலைக் கணக்குப் போட்டுச் சொல்லும் நிபுணன் இல்லை. ஒரு வட்டாரத்தையும் ஒரு மண்டலத்தையும் பார்த்துவிட்டு நாட்டுக்கே தீர்ப்புச் சொல்ல முடியாது. அதனால் என் கண்ணால் கண்டது எது, ஆய்வில் வந்தது எது என்று பிரித்தே எழுதுகிறேன்.

சந்தேகமில்லாமல் சொல்லக்கூடியதை முதலில் சொல்லிவிடுகிறேன். கொரோனா நகரத்துக்கு முந்தி வந்தது, கிராமத்துக்குப் பிந்தி வந்தது. வராமல் போகவில்லை. ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், நாடு முழுக்க நான்கு சுற்றாக ரத்த மாதிரி எடுத்து, எத்தனை பேர் உடம்பில் எதிர்ப்பொருள் இருக்கிறது என்று பார்த்தது. காய்ச்சல் வந்து டெஸ்ட் எடுத்தவர்களை மட்டும் எண்ணாமல், சும்மா இருப்பவர்களின் ரத்தத்தையும் பார்ப்பதால், தொற்று எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது தினசரி எண்ணிக்கையைவிட இதில் நன்றாகத் தெரியும். 2020 ஆகஸ்ட்-செப்டம்பரில் நடந்த இரண்டாம் சுற்றில் நகரத்துக் குடிசைப் பகுதிகளில் 15.6 சதவீதம், நகரத்தின் மற்ற பகுதிகளில் 8.2, கிராமங்களில் 4.4. அன்றைக்குக் கேட்டிருந்தால் கிராமம்தான் பாதுகாப்பு என்று நானும் சொல்லியிருப்பேன். 2021 ஜூன்-ஜூலையில் நான்காம் சுற்று: நகரம் 69.6, கிராமம் 66.7. இதில் தடுப்பூசியின் பங்கும் கொஞ்சம் உண்டு என்றாலும், பத்தே மாதத்தில் இடைவெளி காணாமல் போய்விட்டது. நம் மாநிலத்தில் 2020 அக்டோபர்-நவம்பரில் நடந்த ஆய்வு இன்னும் வேடிக்கை. நீலகிரியில் 11.1, சென்னையில் 40.9, பெரம்பலூரில் 51. பெரம்பலூர் என்ன பெரிய நகரமா? முக்கால்வாசிக்கு மேல் கிராமம். சென்னையை அது முந்தியது பலருக்கு அதிர்ச்சியாக இருந்தது. எனக்கு அவ்வளவாக இல்லை. ஏனென்று கோயம்பேட்டைப் பற்றிச் சொல்லும்போது புரியும்.

நகரம் முதலில் விழுந்ததற்குக் காரணம் நெருக்கம். 2011 கணக்கெடுப்பில் சென்னையில் சதுர கிலோமீட்டருக்கு 26,553 பேர், மாநிலச் சராசரி 555. ஆனால் இந்த எண்ணைப் பார்ப்பதைவிட ஒரு ஸ்டோர் வீட்டுக்குள் போய்ப் பார்த்தால் உடனே புரிந்துவிடும். வடசென்னையில் நான் போனது ஒன்பது குடித்தனம், இரண்டு கக்கூஸ், நடு முற்றத்தில் ஓர் அடிபம்பு. ஒரு வீட்டுக்காரருக்குக் காய்ச்சல், வாசனை தெரியவில்லை. "அவரைத் தனி அறையில வைங்கம்மா, தனி பாத்ரூம் கொடுங்க" என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பித்தேன். அந்த அம்மா கோபப்படவில்லை, சிரித்தார். "இதுதான் சார் அறை" என்றார். கட்டிலில் கணவர், கட்டிலுக்குக் கீழே பாயில் இரண்டு பிள்ளைகள், அடுப்புக்கும் வாசலுக்கும் நடுவில் மாமியார். ஒரே ஜன்னல், அதுவும் அடுத்த வீட்டுச் சுவரைப் பார்த்து. வெளியே தெருமுனையில் மாநகராட்சி தகரம் அடித்துக்கொண்டிருந்தது. தகரத்துக்கு உள்ளே ஒன்பது குடித்தனமும் ஒரே பம்பைத் தொட்டுத் தொட்டுத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தன. அதே தெருவின் அந்தக் கோடியில் நாலு மாடி அபார்ட்மெண்ட். அங்கே ஒருவருக்கு வந்தபோது மாடி அறையில் அவரைப் படுக்கவைத்துக் கதவுக்கு வெளியே தட்டு வைத்தார்கள், வீட்டில் வேறு யாருக்கும் வரவில்லை. இரண்டையும் நாம் சென்னை என்றே சொல்கிறோம். வளசரவாக்கத்தில் இரண்டு படுக்கையறை, பால்கனி, அட்டாச்டு பாத்ரூமோடு நீங்கள் இருந்தது வேறு சென்னை.

இது கிராமத்துக்கு எப்படிப் போனது? காற்றில் பறந்து போகவில்லை, நாம்தான் சுமந்துகொண்டு போனோம். சுமக்கவைத்ததில் அறிவிப்புகளுக்கும் பெரிய பங்கு உண்டு. 2020 ஏப்ரல் 26 முதல் சென்னை, கோவை, மதுரையில் நான்கு நாள் முழு ஊரடங்கு என்று 24ஆம் தேதி சொன்னார்கள். 25ஆம் தேதி கோயம்பேட்டில் நிற்க இடமில்லை. மே 5இல் சந்தையை மூடிக் காய்கறி வியாபாரத்தைத் திருமழிசைக்கு மாற்றினார்கள். அதற்குள் மூட்டை தூக்குகிறவர்கள் வந்த லாரியிலேயே ஏறி ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். கடலூர், விழுப்புரம், அரியலூர், பெரம்பலூர் என்று அவர்கள் ஊர்களெல்லாம் இந்தப் பக்கம்தானே. மே 4 அன்று மாநிலம் முழுக்க 527 பேருக்குத் தொற்று, அதில் கடலூர் மாவட்டத்தில் மட்டும் 122. பெரம்பலூருக்கு நவம்பரில் 51 சதவீதம் வந்ததற்கு இது மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அந்த லாரிகளைப் பார்த்தவன் என்பதால் எனக்கு அது ஆச்சரியமாக இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.

அந்த வாரம் ஓர் அரசுப் பள்ளி வராந்தாவில் உட்கார்ந்து ஸ்வாப் எடுத்தோம். வரிசையில் நின்ற பையன்களின் சட்டையில் வெங்காயச் சருகு ஒட்டியிருந்தது. ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. 20, 25 வயதுப் பையன்கள், கல்லைக் கரைத்துக் குடித்தாலும் செரிக்கிற உடம்பு. ரிசல்ட் வந்தபோது பாதிக்குப் பாதி பாசிட்டிவ். அவர்களில் ஒருவனை மறக்க முடியாது. அவனை யாரும் சொல்லித் தனிமைப்படுத்தவில்லை. லாரியிலிருந்து இறங்கியதும் வீட்டுக்கே போகாமல் நேராகத் தன் மாமாவின் மோட்டார் கொட்டகைக்குப் போய்ப் படுத்துக்கொண்டான். வீட்டில் ஆயாவுக்குச் சர்க்கரை, அதனால் பயம். அவன் அம்மா வேளாவேளைக்குச் சோற்றுத் தூக்கை வாய்க்கால் கரையில் வைத்துவிட்டு இருபதடி தள்ளி நின்று கூப்பிடுவார். அந்த வீட்டில் ஒருவருக்கும் வரவில்லை. எட்டாம் வகுப்போடு நின்ற பையன். நான் அதற்குமுன் படித்திருந்த எந்தச் சுற்றறிக்கையும் இதைவிடத் தெளிவாக இல்லை.

கிராமத்துக்கு உண்மையான சாதகம் எது என்பதற்கும் அந்தக் கொட்டகையே பதில். அங்கே இடம் இருக்கிறது. திண்ணை, தாழ்வாரம், களம், மோட்டார் கொட்டகை. ஒருவரை வீட்டைவிட்டு வெளியே, காற்றோட்டமாக, ஆனால் கூப்பிடு தூரத்தில் வைக்க முடியும். விவசாய வேலைக்கு ஊரடங்கில் அனுமதி இருந்தது. அதனால் நாற்பது நாள் நாலு சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் நிலை அங்கே இல்லை. காலையில் எழுந்து வயலைப் பார்க்கப் போனார்கள், மாட்டைப் பிடித்துக் கட்டினார்கள், சாயங்காலம் வேப்பமரத்தடியில் தள்ளித் தள்ளி உட்கார்ந்து பேசினார்கள். சென்னையில் என்னைப் பார்க்க வந்தவர்களில் எத்தனையோ பேருக்கு உடம்பில் ஒன்றுமில்லை, தூக்கம் இல்லை. ஊரில் அந்த மாதிரிப் புகாரோடு வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஊரில் அப்படிப்பட்டவர் டாக்டரிடம் வருவதே இல்லை என்பதும் இதற்குக் காரணமாக இருக்கலாம். அதனால் இதை நான் கண்டது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக் கணக்கு நீங்கள் நினைப்பதுபோல் ஒருபக்கமாக இல்லை. நெல் குதிரில் இருப்பவனுக்கு ஊர் சொர்க்கம். ஆனால் தர்பூசணி போட்டவன் ஏப்ரலில் வண்டி கிடைக்காமல் காயை வயலிலேயே விட்டான், மல்லிகை போட்டவன் பறிகூலிக்குக்கூடக் கட்டாது என்று செடியிலேயே விட்டான். கோயிலும் இல்லை, கல்யாணமும் இல்லை, பூவை யார் வாங்குவது? கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு நூறு நாள் வேலையில் அந்த வருடம் 256 ரூபாய் என்று கூலி உயர்ந்தது, ஆனால் வேலை எத்தனை நாள் கிடைத்தது என்பது ஊருக்கு ஊர் வேறு. ரேஷனில் இலவச அரிசியும் ஏப்ரலில் ஆயிரம் ரூபாயும் கொடுத்தார்கள், அது இரண்டு இடத்துக்கும் பொது. சென்னையில் அம்மா உணவகம் இருந்தது. கையில் காசில்லாத ஒரு மனிதன் யாரிடமும் முகம் காட்டிக் கேட்காமல் சாப்பிட முடிந்த இடம் அது. கிராமத்தில் பசித்தால் யார் வீட்டிலாவது கேட்க வேண்டும். எல்லாராலும் எல்லார் வீட்டிலும் கேட்டுவிட முடியாது, உங்களுக்கே தெரியும்.

இனி பாதகம். இதைத்தான் ஊருக்குப் போக நினைக்கிறவர்கள் யோசிப்பதில்லை. தூரம். சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது கணக்கு. பிரசவம், காய்ச்சல், நாய்க்கடி, சர்க்கரை மாத்திரை, இதற்கெல்லாம் அது நன்றாகவே போதும். நம் மாநிலத்தின் இந்த ஏற்பாட்டைக் குறை சொல்பவர்கள் வேறு மாநிலங்களுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். ஆனால் மூச்சுத்திணறலுக்கு அது போதாது. 2021 மே மாதம் இரண்டாவது அலை வந்தபோது இது தெரிந்துவிட்டது. அந்த மாதம் 21ஆம் தேதி மாநிலத்தில் ஒரே நாளில் 36,000க்கும் மேல். முதல் அலையில் சென்னைதான் எல்லாமே. இந்த முறை மாதக் கடைசியில் தினசரி எண்ணிக்கையில் கோவை சென்னையைத் தாண்டிவிட்டது.

அப்படி ஒரு நாள் மத்தியானம் ஒரு டிவிஎஸ் மொபெட் எங்கள் வாசலில் வந்து நின்றது. ஓட்டியது மகன், பின்னால் அப்பா, இருவருக்கும் நடுவில் அம்மாவை உட்காரவைத்து ஒரு துண்டால் மகன் இடுப்போடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். 14 கிலோமீட்டர் அப்படியே வந்திருக்கிறார்கள். அம்மாவின் விரலில் மருதாணி மங்கலாக இருந்தது. ஆக்சிமீட்டரை மாட்டினேன், 76 காட்டியது. கையைத் துடைத்து இன்னொரு விரலில் மாட்டினேன், 74. அவர் நன்றாகப் பேசினார். "காபி குடிச்சா சரியாயிடும், அசதிதான்" என்றார். இந்த நோயின் துரோகம் அதுதான், ஆக்சிஜன் அதலபாதாளத்துக்குப் போன பிறகும் ஆள் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருப்பார். எங்களிடம் இருந்த சிலிண்டரைப் போட்டுவிட்டு 108க்குச் சொன்னோம். எல்லா வண்டியும் ஏதோ ஓர் ஆஸ்பத்திரி வாசலில் படுக்கைக்காக நோயாளியோடு நின்றுகொண்டிருந்தன. வண்டி வந்து சேர இரண்டே முக்கால் மணி நேரம். வழியிலேயே இறந்துவிட்டார். ஸ்வாப் எடுக்கவே இல்லை, அதனால் எந்தக் கொரோனாப் பட்டியலிலும் அவர் இல்லை. இரண்டாவது அலையில் கிராமத்துச் சாவுகளை யாராவது எண்ணிக்கையைக் காட்டிக் குறைத்துப் பேசினால் எனக்கு அந்தத் துண்டு ஞாபகம் வரும். நகரத்திலும் அந்த வாரம் படுக்கை கிடைக்கவில்லை, ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றன. ஆனால் வரிசையில் நிற்கவாவது ஓர் ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்தது.

கொரோனா இல்லாத மற்ற வியாதிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2020 மார்ச் 24 சாயங்காலம் நின்ற பஸ், மாவட்டம் விட்டு மாவட்டம் முழுசாக ஓட ஆரம்பித்தது செப்டம்பர் 7இல். நடுவில் ஜூனில் ஒரு மாதம் மண்டலத்துக்குள் மட்டும் ஓடி, மறுபடி நின்றது. வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்குப் போக வேண்டியவர், மாதாமாதம் புற்றுநோய் மருந்துக்கு அடையாறு போக வேண்டியவர், இவர்களுக்குக் கிராமம் அந்த ஐந்து மாதமும் சிறைதான். எங்களுடைய கிராம சுகாதாரச் செவிலியர்கள் ஸ்கூட்டியில் வீடு வீடாகச் சர்க்கரை, பிபி மாத்திரை கொண்டுபோய்க் கொடுத்தார்கள். 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று திட்டமாக வருவதற்கு முன்னாலேயே பல இடங்களில் இது கைவேலையாக நடந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் டயாலிசிஸ் மிஷினை ஸ்கூட்டியில் கொண்டுபோக முடியாது.

மனிதர்களைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. ஊர் எல்லையில் கருவேல முள்ளை வெட்டிப் போட்டு "வெளியூர் ஆட்கள் உள்ளே வரக்கூடாது" என்று எழுதி வைத்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சென்னையிலிருந்து வந்தவன் என்றாலே மே மாதம் ஊரில் ஒரு பார்வை பார்த்தார்கள். வாசலில் ஸ்டிக்கர் ஒட்டிய வீட்டுக்குப் பால்காரர் பால் ஊற்றவில்லை. ஒரு ஊரில் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கவிடவில்லை என்று நானே போய்ப் பேச வேண்டியிருந்தது. அது எந்தத் தெரு என்று சொன்னால் காரணம் கொரோனா மட்டும் இல்லை என்று தெரியும். நகரத்தில் தகரம் அடித்தாலும் மறுமாதம் யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஊரில் "இவங்க வீட்லதான் முதல்ல வந்துச்சு" என்பது பரம்பரைக்கும் நிற்கும். உங்கள் தம்பியின் கோபத்தில் இதுவும் ஒரு பங்கு இருக்கக்கூடும்.

இப்போது சந்தேகமானவை. கிராமத்துக்காரனுக்கு எதிர்ப்புச் சக்தி அதிகம், வெயிலில் வேலை செய்கிறவனுக்கு வராது, கம்மங்கூழ் குடிக்கிறவனை அண்டாது என்று அன்றைக்குப் பேசாத ஆள் இல்லை. மேலே சொன்ன 66.7 சதவீதம் இதற்குப் பதில், அண்டாது என்பது பொய்த்துவிட்டது. வந்தாலும் லேசாகப் போகும் என்கிறார்களே, அது உண்மையா? கிராமத்தில் டெஸ்ட் குறைவு, வீட்டிலேயே நடந்த சாவுகள் கணக்கில் ஏறியது குறைவு, ஆகவே அந்தக் கணக்கைக் காட்டி யாராலும் அப்படி நிரூபிக்க முடியாது. கபசுரக் குடிநீரை நானும்தான் குடித்தேன், எங்கள் நிலையத்திலேயே விநியோகித்தோம். அது காப்பாற்றியதா என்றால், ஊரில் எல்லாருமே குடித்தார்கள், வந்தவர்களும் குடித்தவர்களே, வராதவர்களும் குடித்தவர்களே. இதை வைத்து நான் எதையும் சொல்ல மாட்டேன். மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையும் தெருவெல்லாம் தெளித்ததைப் பற்றியும் எனக்குப் புகார் இல்லை. நாங்கள் அதே தெருவில் பிளீச்சிங் பவுடர் தூவினோம், பலனில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது.

உங்கள் அப்பா விஷயத்துக்கு வருகிறேன். காய்ச்சல் வந்தது ஜூன் 27. அன்றைக்கு இருந்த வைரஸ் வகையில், தொற்றியதிலிருந்து அறிகுறி தெரியப் பொதுவாக ஐந்தாறு நாள், குறைந்தது இரண்டு, அதிகபட்சம் 14. ஆக, அவருக்குத் தொற்றியது ஜூன் 13க்கும் 25க்கும் நடுவில் ஏதோ ஒரு நாள். அதில் முதல் ஐந்து நாள் நீங்கள் ஊரிலேயே இல்லை. தம்பி மளிகைக் கடை வைத்திருக்கிறார், வாரம் ஒருமுறை சரக்கெடுக்க டவுனுக்குப் போவார் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மாவட்டத்தில் மே முதல் வாரத்திலிருந்தே பரவல் இருந்தது. இவ்வளவையும் சொல்லிவிட்டு, "ஆகவே உங்களிடமிருந்து வரவில்லை" என்று முடித்தால் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும், ஆனால் அது பொய். ஜூன் நடுவில் சென்னையில் பரவல் கொழுந்துவிட்டு எரிந்த நேரம். பிள்ளைகளுக்கு அறிகுறியே இல்லாமல் வந்து போகும். தாத்தாவோடு ஒரே அறை. சாத்தியத்தை எடைபோட்டால் தட்டு உங்கள் பக்கம் கொஞ்சம் தாழத்தான் செய்யும். கொஞ்சம்தான். அன்றைக்கு உங்கள் நால்வருக்கும் தம்பிக்கும் டெஸ்ட் எடுத்து, வைரஸின் மரபணுவையும் ஒப்பிட்டிருந்தால் ஓரளவு தெரிந்திருக்கும். இன்றைக்கு எந்த ரத்தப் பரிசோதனையாலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. தடுப்பூசியும் பின்னால் வந்த அலைகளும் எல்லாத் தடயத்தையும் அழித்துவிட்டன. தம்பி சொல்வதும் ஊகம், நீங்கள் மறுப்பதும் ஊகம்.

ஆனால் ஒன்றை நான் சொல்லியே ஆக வேண்டும். ஊருக்குப் போனதைவிட அந்த அறைதான் பிரச்சினை. அந்த அறைக்கு முழுப்பழியும் உங்கள்மேல் இல்லை. 2020 ஜூனில் நாங்கள் ஊர் ஊராகப் போய்ச் சொன்னது என்ன? கையை இருபது விநாடி சோப்பு போட்டுக் கழுவுங்கள், கதவுக் கைப்பிடியைத் துடையுங்கள், காய்கறியை உப்புத் தண்ணீரில் போடுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், வந்தவர்கள் வெளித் திண்ணையில் படுக்கட்டும் என்று எத்தனை முறை சொன்னோம்? அடைத்த அறையில் காற்றுவழியாகவும் பரவக்கூடும் என்பதை உலக சுகாதார நிறுவனமே ஜூலையில்தான் தயங்கித் தயங்கி ஒப்புக்கொண்டது. மோட்டார் கொட்டகைப் பையனுக்குத் தோன்றியது எங்களுக்குத் தோன்றவில்லை. உங்களிடமும் 14 நாள் வீட்டுத் தனிமை என்று கையெழுத்து வாங்கியிருப்பார்கள். வீட்டுக்குள் யாரிடமிருந்து யார் தனியாக இருக்க வேண்டும் என்று யாரும் விளக்கியிருக்க மாட்டார்கள்.

அடுத்த முறைக்கு வருகிறேன். 2020இல் சென்னைக்கு மறுபடி முழு ஊரடங்கு என்று ஜூன் 15ஆம் தேதி அறிவித்து 19ஆம் தேதி அமல்படுத்தினார்களே, நடுவில் அந்த நான்கு நாள் நினைவிருக்கிறதா? பரனூர் சுங்கச்சாவடியில் கார், பைக், டெம்போ என்று வரிசையாக நின்றது. பைக்கில் மனைவி மடியில் பிரஷர் குக்கரோடு போனார்கள். இ-பாஸ் கிடைக்கக் கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி என்று ஏதாவது காரணம் வேண்டும், அந்த வாரம் மட்டும் எத்தனை உயிரோடிருக்கும் பாட்டிகளைச் சாகடித்தார்களோ. என் அபிப்பிராயத்தில் நகரத்தில் இருப்பதும் சரி, ஊரில் இருப்பதும் சரி, இந்த நான்கு நாளில் நகருவதுதான் தவறு. நகரத்தில் பரவல் உச்சத்தில் இருக்கும்போது அறிவிப்பு வருகிறது, அறிவிப்பு வந்ததும் கிளம்புகிறோம், கிளம்பி நேராக வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்குப் போகிறோம். போவதாக இருந்தால் முதல் செய்தி வரும்போதே, பஸ் ஓடும்போதே, கூட்டம் இல்லாதபோதே போய்விட வேண்டும். அந்த வாய்ப்பு தவறிவிட்டால் இருக்கும் இடத்திலேயே இருப்பது மேல். வளசரவாக்கம் வீடு அதற்குத் தாராளமாகப் போதும். நானாக இருந்தால் இருந்திருப்பேன். ஸ்டோர் வீட்டில் ஒரே அறையில் ஆறு பேராக இருந்து, ஊரில் காலிக் கொட்டகையும் இருந்தால், பரவல் உச்சத்தில்கூடக் கிளம்பச் சொல்லியிருப்பேன், நேராகக் கொட்டகைக்கு.

ஊருக்குப் போகத் தீர்மானித்தால் போவதற்கு முன் மூன்று விஷயத்தைத் தம்பியிடமே கேளுங்கள். ராத்திரி பதினோரு மணிக்கு அப்பாவுக்கு மூச்சு வாங்கினால் யாரிடம் கார் இருக்கிறது, ஓட்டுகிறவர் குடிக்காமல் இருப்பாரா? பைப்பில் ஆக்சிஜன் வரும் ஆஸ்பத்திரி எத்தனை கிலோமீட்டர்? நாங்கள் வந்தால் முதல் பத்து, பதினான்கு நாள் எங்கே படுப்பது? இதில் மூன்றாவதற்கு "வீட்டுக்குள்ளதான், வேற எங்க" என்று பதில் வந்தால் போகாதீர்கள். பிள்ளைகள் ஆன்லைன் வகுப்புக்குத் தண்ணீர் டேங்க் மேல் ஏறி சிக்னல் தேடுவது, ரேஷன் கார்டு எந்த ஊரில் இருக்கிறது என்பதெல்லாம் சங்கடம்தான், ஆனால் அவற்றால் யாரும் சாக மாட்டார்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. இத்தனை வருடம் கழித்தும் அப்பாவுக்கு வயல்வரை நடக்க மூச்சு வாங்குகிறது என்றால் அதைக் கொரோனா தலையில் கட்டிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். நுரையீரலில் தழும்பு இருக்கலாம். ஆனால் அந்த வயதில் இதயம் பலவீனமாக இருந்தாலும், ரத்தசோகை இருந்தாலும், பீடிப் பழக்கம் இருந்திருந்தாலும் இதே மாதிரித்தான் மூச்சு வாங்கும். அவற்றில் பலவற்றுக்கு மருந்து இருக்கிறது. நெஞ்சு எக்ஸ்ரே, எக்கோ என்கிற இதய ஸ்கேன், ஹீமோகுளோபின், ஊதிப் பார்க்கும் டெஸ்ட், நான்கும் ஒரே நாளில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பார்த்துவிடலாம். புறநோயாளிப் பிரிவுக்குக் காலை ஏழரைக்கே போய் வரிசையில் நிற்க வேண்டும், அவரால் தனியாக முடியாது. நீங்கள் சென்னையிலிருந்து போங்கள், தம்பியையும் கடைக்கு ஒரு நாள் லீவு போடச் சொல்லுங்கள். 2020 டிஸ்சார்ஜ் சம்மரி தம்பி வீட்டு பீரோவில்தான் இருக்கும், அதை மறக்காமல் எடுத்து வரச் சொல்லுங்கள்.